ஒரே பெயர், பல நோய்கள்: ரத்தப் புற்றுநோயின் வகையை ஏன் கேட்டறிய வேண்டும்?

மஹல்லாவில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், பேச்சு தொடங்கிவிடும். "எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் இதுதான் வந்தது. மூன்று வருடம் மருந்து கொடுத்தார்கள், இப்போது ஸ்கூலுக்குப் போகிறான்" என்பார் ஒருவர். "எங்கள் மச்சானுக்கும் இதுதான். பத்தே நாளில் மௌத்தாகிவிட்டார்" என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் இருவரும் சொல்வது ஒரே நோயை அல்ல.

நம் ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அங்கே வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்வதுதான் லுக்கேமியா. சில நாட்களில், வாரங்களில் வேகமாக முற்றும் வகையை 'அக்யூட் லுக்கேமியா' என்கிறார்கள். அதில் பெரும் பிரிவுகள் இரண்டு: ஏ.எல்.எல்., ஏ.எம்.எல். பிள்ளைகளுக்கு வருவதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஏ.எல்.எல். பெரியவர்களுக்கு ஏ.எம்.எல். அதிகம். இந்த இரண்டுக்குள்ளும் பல உட்பிரிவுகள் உண்டு. எந்த உட்பிரிவு எவ்வளவு என்பது எல்லா மக்களிடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை.

லத்தீன் அமெரிக்காவின் அனுபவத்தைப் பாருங்கள். ஏ.எம்.எல்.லில் ஏ.பி.எல். என்று ஓர் உட்பிரிவு. ஐரோப்பாவில் ஏ.எம்.எல். நோயாளிகள் 100 பேரில் 10 பேர் அளவில்தான் இது இருக்கும். லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஆய்வுகளில் 20 பேர், அதற்கு மேலும் காணப்பட்டது. இந்த வகையில் ரத்தம் உறையும் தன்மை கெட்டு, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, முதல் சில நாட்களிலேயே உயிர் போய்விடலாம். ஆனால் நேரத்தில் மருந்து கிடைத்தால் மிக நன்றாகக் குணமாவதும் இதே வகைதான். வைட்டமின் ஏ சார்ந்த 'அட்ரா' என்ற மருந்தின் பலனை ஷாங்காய் மருத்துவர்கள் 1988இல் வெளியிட்டார்கள். இன்று அதனுடன் ஆர்சனிக் மருந்தும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

மருந்து இருந்தும் பிரேசிலில் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் தொடக்கத்திலேயே இறந்துகொண்டிருந்தார்கள். பிரேசில், மெக்சிகோ, சிலி, உருகுவே மருத்துவர்கள் ஒன்றுகூடினார்கள். சந்தேகம் வந்த உடனே அட்ரா கொடுப்பது, தட்டணுக்களை ஏற்றுவது, சோதனையை விரைவாக முடிப்பது என்று ஒரே முறையைப் பின்பற்றினார்கள். 2013இல் அவர்கள் முடிவை வெளியிட்டபோது, தொடக்க மரணம் 100க்கு 15 ஆகக் குறைந்திருந்தது. தங்கள் மக்களிடம் எந்த வகை அதிகம் என்று அறிந்து தயாரானதன் பலன் இது.

நம் நாட்டுக்கு வருவோம். பிள்ளைகளின் ஏ.எல்.எல்.லில் 'டி செல்' வகை மேலை நாடுகளில் 100க்கு 10 முதல் 15 வரை. இந்திய மருத்துவமனைகளின் பல ஆய்வுகளில் அது 20ஐத் தாண்டுகிறது. இந்த வகையில் நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்து மூச்சுத் திணறல் வரலாம். சிகிச்சையும் கடுமையாக இருக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? காரணம் ஒன்றல்ல. பரம்பரையாக வரும் மரபணுக்களின் சிறு வேறுபாடுகள் ஒரு காரணம். வளரும் சூழலும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இது எந்தச் சமூகத்தின் மீதும் குறை சொல்லும் கணக்கு அல்ல. இது தொற்றும் நோயும் அல்ல. உம்மா, வாப்பா செய்த தவறால் வந்ததும் அல்ல.

மருந்து உடம்பில் வேலை செய்வதிலும் வேறுபாடு உண்டு. ஏ.எல்.எல். பிள்ளைகள் நீண்ட காலம் சாப்பிடும் மெர்காப்டோப்யூரின் மாத்திரையைச் சிலரின் உடம்பு தாங்காது. வழக்கமான அளவிலேயே வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். இதற்குக் காரணமான 'நட்15' மரபணு மாற்றம் ஐரோப்பியரைவிட ஆசிய மக்களிடம் அதிகம். அளவைக் குறைத்துக் கொடுத்தால் சிகிச்சை தொடரும். குறைப்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாக நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

விடாத காய்ச்சல், உடம்பு வெளுத்துப்போதல், ஈறில் ரத்தம், அடிபடாமலே நீலத் திட்டுகள், எலும்பு வலி: இவை தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோய் உறுதியானால் மருத்துவரிடம் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்:

1. இது ஏ.எல்.எல்.லா, ஏ.எம்.எல்.லா? அதில் எந்த உட்பிரிவு?
2. ஏ.பி.எல். ஆக இருக்க வாய்ப்பு உண்டா? இருந்தால் மருந்தை இன்றே தொடங்கலாமா?
3. மரபணுச் சோதனை என்னென்ன செய்ய வேண்டும்?
4. மெர்காப்டோப்யூரின் கொடுக்கும் முன் நட்15 சோதனை தேவையா?

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னாருக்கும் இதுதான் வந்தது" என்று கதை சொல்லி வீட்டாரைக் கலங்கடிக்காதீர்கள். "எந்த வகை என்று கேட்டீர்களா? ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரட்டுமா?" என்று கேளுங்கள். அந்த வீட்டுக்கு அதுவே பெரிய உதவி.