உன் இணையக் கடைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்: அக்கா சொல்லும் 6 டிப்ஸ்

தங்கச்சி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் நீ கடை திறந்தால், வெப்சைட்டும் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டும். அய்யனார் கோவிலில் சாமி கும்பிட்டு, ராஜபாளையத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே போனில் ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. அவர்கள் தரும் விலாசமும் போன் நம்பரும் பத்திரமாக உன்னிடம் வந்து சேர வேண்டாமா?

1. 'எஸ்' இருக்கிறதா பார்: தள முகவரி வெறும் 'எச்டிடிபி' என்று தொடங்கினால், டைப் செய்வதெல்லாம் மறைப்பில்லாமல் போகும், அதே வைஃபையில் இருப்பவர் படித்துவிடலாம். 'எச்டிடிபிஎஸ்' என்றால், நடுவில் பிடித்தாலும் ஒன்றும் புரியாது. 'எஸ்' இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் 'பாதுகாப்பற்றது' என்றே காட்டுகிறது.

2. காசு கொடுக்கும் முன் யோசி: அந்த 'எஸ்' வரத்தான் சான்றிதழ் வேண்டும். லாப நோக்கமில்லாத லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2015 முதல் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. டொமைன் உன் கையில்தான் இருக்கிறதா என்று மட்டும் சோதிப்பார்கள். பல ஹோஸ்டிங் கம்பெனிகளில் 'எஸ்எஸ்எல்' பகுதியில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும்.

3. ஆட்டோ ரெனியூவலைப் போட்டு வை: அந்த இலவசச் சான்றிதழுக்கு ஆயுள் அதிகபட்சம் 90 நாள்தான். தீபாவளி ஆர்டர் குவியும் நேரத்தில் காலாவதியானால், கடைக்குப் பதில் எச்சரிக்கைதான் திரையில் வரும்.

4. பழைய வழியை அடை: 'எஸ்' இல்லாத முகவரியில் வருபவரும் தானாகப் புதிய முகவரிக்குப் போகும்படி ரீடைரக்ட் செய்.

5. பிரைவேட் கீயை யாருக்கும் அனுப்பாதே: அது உன் சான்றிதழுக்கான ரகசியச் சாவி. தெரிந்தவர் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் போடாதே. வெளியே போய்விட்டால், பழைய சான்றிதழை ரத்து செய்து புதிது வாங்கு.

6. சான்றிதழ் நேர்மைக்குச் சாட்சி இல்லை: மோசடிக்காரரும் இதை இலவசமாக வாங்கலாம். 2014-ல் நம் தேசிய தகவல் மையத்தின் சான்றிதழ் அமைப்பு வழியாகவே, கூகுளின் அனுமதியில்லாமல் அதன் தளங்களுக்குச் சான்றிதழ்கள் வெளியாகிப் பிறகு ரத்தாயின. அதனால் சான்றிதழை மட்டும் நம்பாமல், நீ பொருள் வாங்கும்போது தளத்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படி. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்.

உன் தளத்தில் கடை விலாசம், போன் நம்பர், உணவு உரிமத்துக்கான 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், பால்கோவா எத்தனை நாள் தாங்கும் என்பது எல்லாம் தெளிவாக இருக்கட்டும். விவரம் பத்திரமாக வந்து சேர்வதைச் சான்றிதழ் பார்த்துக்கொள்ளும். வந்த ஆர்டருக்குச் சொன்ன சரக்கை அனுப்புவது உன் பொறுப்பு.