தென்கிழக்கு மெக்சிகோ: ஆறு நாள் பயணமும் கூட்டுறவுப் பாடமும்

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது மெக்சிகோ நாட்டின் தென்கிழக்குப் பகுதி. கடல் கடந்த அந்நாட்டுக்கும் நம் சங்கத்து அங்கத்தினருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உலகில் இன்று விளையும் பருத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு, மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட ஒரே இனத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் 'கம்போடியாப் பருத்தி' என்று வழங்கியதும் அவ்வினமே. மக்காச்சோளம், மிளகாய், பப்பாளி, சப்போட்டா ஆகியனவும் அத்திசையிலிருந்து வந்தவையே. ஆகவே, நம் தறிக்கும் தோட்டத்துக்கும் பழைய உறவுடைய ஊர்களையே நாம் காணப்போகிறோம்.

அப்பகுதியைக் காண வருவோர் பெரும்பாலும் ஒரு வழிகாட்டியுடன் சிற்றுந்தில் ஏறி, ஐந்தாறு நாட்களில் மலை, காடு, பழைய நகரங்கள் ஆகியவற்றைப் பார்த்துத் திரும்புவது வழக்கம். அதே வழியில் நாமும் ஏட்டின் மூலமாகச் செல்வோம். ஆனால், தங்குமிடந்தோறும் ஒரு வினாவைக் கையில் வைத்திருப்போம்: இங்கே பயணியும் வியாபாரியும் கொடுக்கும் பணம் யார் கையைச் சேருகிறது?

முதல் நாள்: ஆறும் மலையும்

பயணம் சியாப்பாஸ் மாநிலத்தின் தலைநகரான தூஸ்த்லா குத்தியெர்ரெஸில் தொடங்குகிறது. அருகில் கிரிஹால்வா ஆறு சுமிதேரோ என்னும் பள்ளத்தாக்கைக் குடைந்து செல்கிறது. இருபுறமும் பாறைச் சுவர்கள் சில இடங்களில் ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கின்றன. கரையில் முதலைகள் வெயில் காய்கின்றன. மரங்களில் குரங்குகள் தாவுகின்றன. மழைக்காலத்தில் மேட்டு நகரங்களின் குப்பை ஆற்றில் அடித்து வந்து இங்கே தேங்குவது பெருங்குறையாகும்.

இங்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டிகள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தொழில் நடத்துகிறார்கள். தனித்தனியே நின்றால் கரையில் ஒருவரோடொருவர் போட்டியிட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள நேரிடும். சங்கமாக நின்றால் கட்டணம் ஒன்று, முறை ஒன்று.

இரண்டாம் நாள்: நெசவாளர் இல்லம்

அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மலையேறினால் சான் கிரிஸ்தோபல் தெ லாஸ் காசாஸ் என்னும் நகரம் வரும். கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், 1528-ஆம் ஆண்டில் ஸ்பானியர் அமைத்த நகரம் இது. சுற்றிலும் சோட்சில், செல்தால் என்னும் மாயர் மொழிகளைப் பேசும் கிராமங்கள் உள்ளன. சாமுலா கிராமத்துக் கோவிலில் இருக்கைகள் இல்லை; தரையெங்கும் பைன் இலைகளைப் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி வழிபடுகிறார்கள். உள்ளே படம் பிடிப்பதற்கு அனுமதி இல்லை. வழிகாட்டி முதலில் கூறும் எச்சரிக்கை இதுவே.

இங்குப் பெண்களே நெசவாளர். அவர்களுடைய தறிக்குச் சட்டமும் இல்லை, மிதியும் இல்லை. பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுகிறார்கள். மறுமுனையை ஒரு பட்டையால் தம் இடுப்போடு இணைத்து, மண்டியிட்டு அமர்கிறார்கள். பின்னே சாய்ந்தால் பாவு விறைக்கும். முன்னே வளைந்தால் தளரும். ஒரு கோலில் கட்டிய விழுதுகளைக் கையால் தூக்கி, ஊடையைச் செலுத்தி, வழவழப்பான மரப்பலகையால் அடித்து இறுக்குகிறார்கள். நம் தறியில் அச்சு செய்யும் வேலையை அப்பலகை செய்கிறது. கை எட்டும் அளவே துணியின் அகலம். ஆகவே, இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்துத் தைத்தே மேலாடை ஆக்குகிறார்கள். நம் நெசவாளர் புட்டா போடுவது போல, தனி இழைகளைக் கோத்து, சாய்சதுரம், தவளை, பாம்பு முதலிய உருவங்களை நெய்கிறார்கள். நுணுக்கமான மேலாடை ஒன்று முடியப் பல மாதங்கள் செல்லும்.

இத்தகைய துணிக்குச் சந்தையில் நேர்வது என்ன? பயணி பேரம் பேசுகிறார். மேலாடை ஒன்றுக்கு 400 மணி நேரம் உழைப்பு ஆனதாக வைத்துக்கொள்வோம். அவர் 2,000 ரூபாய் மதிப்புக்குக் குறைத்து வாங்கினால், நெய்தவளின் கூலியில் மணிக்கு 5 ரூபாய் போயிற்று. பயணிக்கு அது ஒரு வேடிக்கை. அவளுக்கோ உலை அரிசி.

இக்குறையைப் போக்கவே 1970-களில் 'ஸ்னா ஹோலோபில்' என்ற சங்கம் தோன்றிற்று. சோட்சில் மொழியில் 'நெசவாளர் இல்லம்' என்பது அதன் பொருள். பல கிராமங்களைச் சேர்ந்த பல நூறு பெண்கள் இதில் சேர்ந்தனர். நகரத்தின் சாந்தோ தொமிங்கோ மடத்துக் கட்டடத்தில் தமக்கென விற்பனை நிலையம் அமைத்தனர். இச்சங்கம் விற்பனையோடு நிற்கவில்லை. பழைய துணிகளைத் தேடிப் பார்த்து, மறந்துபோன பூவேலைகளையும் தாவரச் சாயங்களையும் மீட்டுக் கற்பித்தது. போலிச் சரக்கோடு விலையில் போட்டியிடாமல் தரத்தில் போட்டியிட்டது என்பதே இதன் வெற்றிக்குக் காரணம்.

மூன்றாம் நாள்: காப்பி மலை

மறுநாள் வழி காப்பித் தோட்டங்களின் ஊடே செல்கிறது. மெக்சிகோவில் மிகுதியாகக் காப்பி விளையும் மாநிலம் சியாப்பாஸ். விளைவிப்போரில் பெரும்பாலோர் மரநிழலில் சிறு துண்டு நிலத்தில் பயிரிடுவோர். அறுவடைக்கு முன்பே கைம்மாற்றுக் கொடுத்து, விளைந்ததும் தாம் சொன்ன விலைக்கு எடுத்துச் செல்லும் இடைத்தரகருக்கு அங்கே 'கொயோட்டே' என்று பெயர். கொயோட்டே என்பது நரியைப் போன்ற ஒரு விலங்கு. பெயர் வைத்தவர்கள் பட்டறிந்தே வைத்திருக்கிறார்கள்!

அண்டை மாநிலமாகிய வஹாக்காவின் மலை விவசாயிகள் 1980-களின் தொடக்கத்தில் 'ஊசிரி' என்ற சங்கத்தை அமைத்துத் தரகரை விலக்கினர். அங்குத் தொண்டாற்றிய டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹோப் மூலம், 1988-இல் நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவெலார்' என்ற முத்திரையுடன் அவர்களுடைய காப்பி விற்பனைக்கு வந்தது. சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் குறிப்பிட்ட விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்பதே அம்முத்திரையின் உடன்பாடு. உலகெங்கும் பரவியுள்ள நியாய வாணிப முத்திரைகளுக்கு இதுவே முன்னோடி.

அதன் அருமை மறு ஆண்டே தெரிந்தது. 1989-இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதிப் பங்கீடு கைவிடப்பட்டதும் விலை பாதியளவுக்குச் சரிந்தது. மெக்சிகோ அரசின் காப்பிக் கழகமும் அதே காலத்தில் கொள்முதலிலிருந்து விலகத் தொடங்கிற்று. சங்கம் இல்லாதவர் நரியிடமே திரும்பினர்.

இம்மலைகளின் துயரத்தையும் சொல்லாமல் செல்லலாகாது. 1994 ஜனவரி 1-ஆம் தேதி இங்கே சபதிஸ்தாக்களின் கிளர்ச்சி எழுந்தது. 1997 டிசம்பர் 22-ஆம் தேதி, அக்தெயால் என்ற சிற்றூரில் வழிபாட்டில் இருந்த 45 பேரை ஆயுதக் கும்பல் ஒன்று கொன்றது. இறந்தோர், ஆயுதம் ஏந்துவதில்லை என்று உறுதி பூண்ட 'தேனீக்கள்' என்ற அமைப்பைச் சார்ந்தவர். எஞ்சியோர் 1999-இல் 'மாயா வினிக்' என்ற காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். அத்தனை துயரத்துக்குப் பின்னும் அவர்கள் பேரேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்கவேண்டும்.

நான்காம் நாள்: பலெங்கே

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஆகுவா அசூல் அருவிகள் படிப்படியாக நீலநிறத்தில் விழுகின்றன. சுண்ணாம்பு கலந்த நீர் அந்நிறத்தைத் தருகிறது. அதற்கப்பால் அடர்ந்த காட்டின் விளிம்பில் பலெங்கே என்னும் பழைய நகரம் நிற்கிறது. 615 முதல் 683 வரை இங்கு ஆண்டவன் பக்கால் என்ற மன்னன். பன்னிரண்டு வயதில் முடி சூடியவன். கல்வெட்டுக் கோவிலின் தரையில் ஒரு மூடுகல்லைக் கண்ட அல்பெர்த்தோ ரூஸ் என்ற ஆராய்ச்சியாளர், அதன் கீழ் மண்ணும் கல்லும் இட்டு அடைத்திருந்த படிக்கட்டைப் பருவம் பருவமாகத் தோண்டி, 1952-இல் அவன் கல்லறையை அடைந்தார்.

வாயிலுக்கு வெளியே மரநிழலில் நின்று பார்த்தால், அம்மன்னர்களைத் தாங்கிய உழவு இன்றும் நடப்பதைக் காணலாம். 'மில்பா' எனப்படும் வயலில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் கலந்து விதைக்கிறார்கள். அவரைக் கொடி சோளத் தண்டில் ஏறுகிறது. அதன் வேர் மண்ணுக்கு உரமூட்டுகிறது. பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்குகிறது. ஒன்று மற்றொன்றைத் தாங்கும் இவ்வயலே ஒரு சங்கம் போன்றது.

ஐந்தாம் நாள்: காடும் தேனும்

வடகிழக்கே காம்பெச்சே மாநிலத்தில் கலக்முல் காடு ஏழு லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருக்கிறது. 1989 முதல் இது பாதுகாக்கப்பட்ட காடு. ஜாகுவார் என்னும் பெரும்பூனை இங்கு வாழ்கிறது. காட்டு மரங்களில் பலவற்றின் பட்டையில் பழைய வெட்டுத் தழும்புகள் தெரியும். அவை சப்போட்டா மரங்கள். அவற்றின் பாலைக் காய்ச்சியே ஒரு காலத்தில் உலகத்துக்குச் சவைப் பிசின் செய்தார்கள். செயற்கைப் பிசின் வந்ததும் அத்தொழில் ஒடுங்கிற்று.

இன்று இப்பகுதியின் செல்வம் தேன். கொடுக்கில்லாத ஒரு தேனீயையும் மாயர் பண்டுதொட்டு வளர்க்கின்றனர். நம் ஊர்க் கொசுத்தேனீயின் உறவினம் அது. குடைந்த மரத்துண்டே அதன் கூடு. எஞ்சியுள்ள நான்கு மாயர் ஏடுகளுள் ஒன்றான மத்ரீத் ஏட்டிலும் தேனீ வளர்ப்பு காணப்படுகிறது.

இத்தேனுக்கு ஓர் ஆபத்து வந்தது. 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றம், மரபணு மாற்றிய பயிரின் மகரந்தம் கலந்த தேனை முன் அனுமதியின்றி விற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. 2012-இல் மெக்சிகோ அரசோ, இவ்வட்டாரத்திலேயே மரபணு மாற்றிய சோயா பயிரிட அனுமதி வழங்கிற்று. தேனின் முக்கியச் சந்தை ஐரோப்பா, என்ன செய்வது? ஓபெல்சென் வட்டாரத்து மாயர் பெண்மணி லெய்தி பெச் அம்மையார், 1995-இல் பெண்கள் சிலருடன் 'கோலெல் காப்' என்ற தேன் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அவர் கிராமத்தாரையும் தேனீ வளர்ப்போரையும் ஆராய்ச்சியாளரையும் ஒன்றுசேர்த்து வழக்காடினார். பூர்வகுடிகளைக் கலந்தாலோசிக்காமல் பயிரிடலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. 2017-இல் அனுமதி ரத்தாயிற்று. 2020-இல் அம்மையாருக்கு உலகப் புகழ் பெற்ற கோல்ட்மன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது.

ஆறாம் நாள்: பச்சைத் தங்கத்தின் கதை

இறுதி நாள் யுகத்தான் மாநிலம். உஷ்மால் நகரின் பெருங்கோவிலைக் காண்போர், அங்கே ஆறு ஒன்றும் இல்லாமையையும் கவனிக்கவேண்டும். தரைக்கடியில் தொட்டி அமைத்து மழைநீரைத் தேக்கியே அந்நகரம் வாழ்ந்தது.

மெரிதா நகரை நெருங்கும்போது பழைய பண்ணை மாளிகைகள் தென்படுகின்றன. சில இன்று விடுதிகளாகிவிட்டன. அவை கற்றாழை நாரால் எழுந்தவை. 'எனெக்கென்' என்னும் கற்றாழையின் நாரைக் கதிர்க்கட்டு கட்டும் கயிறாக அமெரிக்க உழவர் வாங்கினர். அதற்குப் 'பச்சைத் தங்கம்' என்றே பெயர். ஆயின், வெட்டிய மாயர் குடிகள் பண்ணைக் கடையில் பட்ட கடனால் கட்டுண்டு, தலைமுறையாக அடிமை போல் உழைத்தனர்.

1937-இல் குடியரசுத் தலைவர் லாசரோ கார்தெனாஸ் அப்பண்ணைகளைப் பிரித்துக் குடிகளின் கூட்டு நிலமாக்கினார். நிலம் கைக்கு வந்தது. கணக்கு கைக்கு வரவில்லை. எவ்வளவு நடுவது, எவ்வளவு வெட்டுவது, என்ன விலை என்பதையெல்லாம் கடன் கொடுத்த அரசு வங்கியின் அலுவலரே முடிவு செய்தனர். உரிமையாளரான குடிகள், வாரந்தோறும் வங்கி கொடுத்த முன்பணத்தைக் கூலி என்றே கருதினர். 1964-இல் நார் ஆலைகளும் அரசுடைமையாயின. செயற்கை இழை வந்து விலை வீழ்ந்தபோது, தம் தொழிலைத் தாமே மாற்றியமைக்கும் பழக்கம் அங்கத்தினரிடம் இருக்கவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அரசு விலகிக்கொண்டது, அமைப்பு சரிந்தது. சந்தை வீழ்ச்சி காப்பிக்கும் வந்தது, நாருக்கும் வந்தது. ஒன்றில் சங்கம் தாங்கிற்று. மற்றதில் சங்கம் என்று பெயர் மட்டுமே இருந்தது.

பயணம் தரும் படிப்பினை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் தணிக்கையின்போது, அங்கத்தினர் ஒருவரை, "உங்கள் பங்குத் தொகை எவ்வளவு ஐயா?" என்று கேட்டோம். "காரியதரிசிக்குத் தெரியும்" என்று அவர் விடையளித்தார். இருபது ஆண்டாக அங்கத்தினர் அவர்! அன்று அதைச் சிறு குறையாகவே குறித்துக்கொண்டோம். எனெக்கென் கதையைப் படித்த பின்னர், அது சிறு குறையன்று என்று உணர்கிறோம். அரசின் உதவி நமக்கு வேண்டும். தள்ளுபடி மானியமும் வேண்டும். ஆயினும், உதவி செய்வோரே சங்கம் ஆகிவிட்டால், அவர்கள் விலகும் நாளில் நமக்கு எஞ்சுவது பெயர்ப்பலகையே.

2023 டிசம்பரில் 'மாயா ரயில்' அப்பகுதியில் ஓடத் தொடங்கிற்று. காட்டின் ஊடே பாதை வெட்டியதைப் பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. பயணிகள் பெருகினால் பணமும் பெருகும். அது நெசவாளர் இல்லத்துக்குச் சேருமா, இடைத்தரகருக்குச் சேருமா என்பதை, அங்குள்ள சங்கங்களின் வலிமையே முடிவு செய்யும்.

அங்கத்தினர் கூடிச் சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்துச் சேலை ஒன்றில் எத்தனை மணி நேர உழைப்பு அடங்கியிருக்கிறது? அதற்கு மணிக்கு என்ன கூலி விழுகிறது?

2. அரசுக் கொள்முதலும் மானியமும் ஓராண்டு நின்றால், நம் சரக்கை எங்கே, எவ்விலைக்கு விற்போம்?

3. சென்ற ஆண்டின் ஐந்தொகையைப் படித்தறிந்த அங்கத்தினர் எத்தனை பேர்? அடுத்த மகாசபைக்கு முன் அத்தொகையை இரட்டிப்பாக்கப் பஞ்சாயத்தார் என்ன செய்யப்போகிறார்கள்?