மருந்து தெளிக்குமுன் படம் எடுத்துப் பாருங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வயல்கள் குறைந்து வீடுகள் பெருகிவிட்டன. எனினும் கொல்லைப்புறத்தில் தென்னையும் கொய்யாவும் செம்பருத்தியும் இன்னும் உள்ளன. இலையில் வெள்ளையாக எதையாவது கண்டால் உடனே மருந்துக் கடைக்குச் செல்வது பலரின் வழக்கம். அது பயிரைத் தின்பதா, பூச்சியைத் தின்பதா என்று அறியாமல் தெளித்தால் பணமும் வீண்; நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். சிறு பூச்சிகளைப் பெரிதாகப் படம் எடுத்துப் பார்த்தால் இந்த நட்டத்தைத் தவிர்க்கலாம்.

தேவையான பொருள்கள்

விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை. செல்போன், பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், ரப்பர் வளையம், வெள்ளைத்தாள் ஆகியவை போதும். செல்போனில் பல காமிராத் துளைகள் இருந்தால், எதை விரலால் மூடும்போது திரை இருள்கிறதோ அதன்மேல் லென்ஸை ஒட்டினாற்போல் வைத்து, ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும்.

எடுக்கும் முறை

1. அதிகாலையே ஏற்ற நேரம். குளிர்ச்சியில் பூச்சிகள் அதிகம் அசையா.

2. பத்து மடங்கு லென்ஸுக்கு, பூச்சி சுமார் இரண்டரை செ.மீ. தூரத்தில் இருந்தால்தான் உருவம் தெளியும். செல்போனை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு காண வேண்டும்.

3. முழங்கையை உடலோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பத்துப் படங்களாவது எடுக்க வேண்டும். இரண்டு மூன்று தேறும்.

4. நேர் வெயில் கூடாது. வெள்ளைத்தாளை எதிர்ப்புறம் பிடித்தால் நிழல் பகுதியிலும் வெளிச்சம் விழும்.

5. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்புறம் ஒன்று, முழுச்செடி ஒன்று எனப் படங்கள் வேண்டும். அருகில் அளவுகோலை வைத்தால் பூச்சியின் அளவும் தெரியும்.

படத்தில் காண வேண்டியவை

செம்பருத்தியில் மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, நீண்ட வெள்ளை மெழுகு இழைகளுடன் சற்றுப் பெரிய புழு ஒன்று வேகமாக நகர்ந்தால் அதைக் கொல்லக் கூடாது. அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சி போலவே தோன்றினாலும், மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. இவ்வண்டு 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிடும். இதன் குஞ்சுகள் சில கறுத்திருந்தால், அவற்றினுள் என்கார்சியா என்னும் சிறு குளவி வளர்கிறது என்று கொள்ளலாம். வட்டமான துளை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. அத்தகைய மரத்தில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியே முதலில் அழியும். ஓலையின் அடிப்புறத்தில் நீரை வேகமாகப் பீய்ச்சுவதும், மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பதும் போதும். மேலோலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதாப் பசை கலந்து தெளிக்கலாம், காய்ந்ததும் உதிரும்.

எட்டுக் கால் இருந்தால் அது பூச்சியன்று. சிலந்தியாயின் விட்டுவிடலாம். முட்டைப் பையை வயிற்றின் பின்நுனியில் சுமந்து செல்லும் ஓநாய்ச் சிலந்தி, நெல் வயலில் புகையான் பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். ஆனால், எட்டுக் கால் இருந்தும் இலையின் அடியில் மணல்துளி போல் நெருங்கியிருந்தால் அது சாறு உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேன். இலை வெளிறுவதும் மெல்லிய நூலாம்படையும் இதன் அடையாளங்கள்.

இனம் தெரியாவிட்டால்

மக்காச்சோளப் படைப்புழு 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்தபோது, தலையில் தலைகீழ் 'ஒய்' போன்ற வெளிர் கோடும் வால் பக்கத்தில் சதுரமாக நான்கு புள்ளிகளும் அதைக் காட்டிக்கொடுத்தன. தெளிவான படம் இருந்தால் வல்லுநர் எளிதில் இனம் காண்பார். எனவே ஐயமுள்ள பூச்சியின் படங்களை, பயிரின் பெயரும் நாளும் குறித்து, உதவி வேளாண்மை அலுவலரிடமோ, திரூர் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ காட்டி, பரிந்துரை பெற்ற பின்னரே மருந்து வாங்குவது நலம்.