வாடகை மண்ணில் மேப்பிள் நடலாமா?

கேள்வி: சுற்றுச்சூழல் கல்விக்கென்றே நடக்கும் அமெரிக்கப் பள்ளிகள் சொந்தக் கட்டடத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன? வாடகைக் கட்டடம் போதாதா?

பதில்: பாடமே மண்ணிலும் கூரையிலும் நடப்பதால் போதாது. சூரியத் தகடு பதிக்கவும், தார்த்தளத்தைப் பெயர்த்து மழைநீர்த் தோட்டம் போடவும் கட்டட உரிமையாளர் தலையசைக்க வேண்டும்.

உதாரணமாக, மினசோட்டா மாநிலத்தில் மார்ச் மாதம் சர்க்கரை மேப்பிளில் துளையிட்டு வாளி மாட்டுவார்கள். பதநீர்போல் சொட்டும் சாற்றை 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். நட்ட மரம் அந்தப் பருவத்துக்கு வர ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். வாடகை ஒப்பந்தமோ சில ஆண்டுகளுக்குத்தான்.

இப்படிப்பட்ட பள்ளி சார்ட்டர் பள்ளியாக இருந்தால், சிக்கல் சட்டத்திலும் இருக்கிறது. அரசு நிதியில், கட்டணமின்றி, தன்னாட்சியோடு இயங்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கு அமெரிக்காவிலேயே முதலில், 1991இல், சட்டம் இயற்றியது மினசோட்டா. ஆனால் மாநில அரசின் பணத்தில் அவை நிலமோ கட்டடமோ வாங்கக் கூடாது. இடத்துக்கென்று கிடைப்பது வாடகை மானியம்: வாடகையில் 90 சதவீதம், அல்லது மாணவர் கணக்கில் தலைக்கு 1,314 டாலர், எது குறைவோ அது.

இதற்கும் வழி உண்டு. பள்ளியோடு இணைந்த லாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று, கடன்பத்திரங்கள் மூலம் பணம் திரட்டிக் கட்டடத்தை வாங்கும். கட்டடத்தின் உரிமைப் பத்திரம் அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும். பள்ளி அதற்கே வாடகை செலுத்தும். மானியம் கடனை அடைக்க உதவும். நல்ல நிதிநிலையோடு சில ஆண்டுகள் நடந்த பள்ளிக்கே இந்த வாய்ப்பு. மாணவர் எண்ணிக்கை சரிந்தால் மானியம் குறையும், தவணை மட்டும் குறையாது.