போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் சாஃப்ட்வேர்



டிபிஎம்எஸ் லேப் படித்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே தெரியும். லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 8.0 போட்டிருப்போம். போன செமஸ்டரில் கொடுத்த ரூட் பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும். "அதை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு புதுசா போட்டுக்கோ மச்சி" என்று பக்கத்து ரூம் நண்பர் சொல்வார். நாமும் செட்டிங்ஸில் போய் நீக்குவோம். லிஸ்டில் இருந்து பெயர் போய்விடும். திரும்ப இன்ஸ்டால் செய்தால் என்ன ஆகும்? அதே பழைய பாஸ்வேர்டைக் கேட்கும்! இல்லையென்றால் சர்வரை ஸ்டார்ட் செய்யும் இடத்தில் சிவப்பு மார்க் போட்டு நின்றுவிடும்.

ஏன் இப்படி? நாம் நீக்கியது புரோகிராமை மட்டும்தான். பாஸ்வேர்டு புரோகிராமுக்குள் இல்லை, டேட்டாவுக்குள் இருக்கிறது. டேட்டா ஃபோல்டர் அப்படியே இருக்கும்வரை எத்தனை தடவை போட்டு எடுத்தாலும் கதை மாறாது.

ஒரு சாஃப்ட்வேர் எங்கெல்லாம் இருக்கும்?

விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேர் பெரும்பாலும் நாலு இடத்தில் கால் ஊன்றி நிற்கும்.

1. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர். ஓடும் ஃபைல்கள் இங்கே இருக்கும்.

2. புரோகிராம்டேட்டா, ஆப்டேட்டா ஃபோல்டர்கள். செட்டிங்ஸ், டேட்டா எல்லாம் இங்கே. இரண்டும் மறைந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை ஆன் செய்தால்தான் கண்ணில் படும்.

3. சர்வீஸ், டிரைவர், ஸ்டார்ட்அப், டாஸ்க் ஷெட்யூலர். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானாகக் கிளம்பும் வேலை எல்லாம் இவை வழியாகத்தான்.

4. ரெஜிஸ்ட்ரி. செட்டிங்ஸில் நாம் பார்க்கும் சாஃப்ட்வேர் லிஸ்டின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

சிலர் கோபத்தில் முதல் இடத்தை மட்டும் ஷிஃப்ட் டெலீட் அடிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். அன்இன்ஸ்டாலர் ஃபைலும் அதே ஃபோல்டரில்தான் பல சமயம் இருக்கும். அது போய்விட்டால் லிஸ்டில் பெயர் நிற்கும், க்ளிக் செய்தால் எரர் வரும். ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டீர்களா? அதே வெர்ஷனை அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்து, பிறகு முறையாக நீக்குங்கள். பல நேரம் இதுவே போதும்.

"ஃபைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது" என்று விண்டோஸ் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் ஃபைலைக்கூட நீக்கலாம். பெயர் உடனே போய்விடும், டிஸ்க் இடம் மட்டும் அந்தப் புரோகிராம் முடிந்ததும் காலியாகும். விண்டோஸ் அப்படி விடாது. ஓடுகிறவரை கை வைக்க முடியாது. ஆக, முதலில் ஓட்டத்தை நிறுத்த வேண்டும், பிறகு நீக்க வேண்டும். வரிசைதான் முக்கியம்.

சரி, வரிசையாகச் செய்வோம்

மைஎஸ்க்யூஎல்லையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, பேக்கப். இதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த டேட்டா ஃபோல்டரில்தான் உங்கள் மினி புராஜெக்டின் டேபிள் எல்லாம் இருக்கிறது. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி அது போனால் திரும்ப வராது. பாஸ்வேர்டு தெரிந்தால் ஒர்க்பெஞ்ச்சில் சர்வர் மெனு, டேட்டா எக்ஸ்போர்ட் போய் ஒரே ஃபைலாக எடுத்துவிடுங்கள். ஸ்டோர்டு புரோசீஜர் எழுதியிருந்தால் அதற்கான டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்டு தெரியாதா? சர்வீஸை நிறுத்திவிட்டு, புரோகிராம்டேட்டாவில் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை முழுசாக பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். ஒன்றிரண்டு ஃபைலை மட்டும் எடுத்தால் உதவாது.

இன்னொரு விஷயம். பாஸ்வேர்டு மறந்தது மட்டும்தான் பிரச்சனை என்றால் அன்இன்ஸ்டாலே தேவையில்லை. பாஸ்வேர்டை மாற்றும் வழி மைஎஸ்க்யூஎல்லின் அதிகாரபூர்வ கையேட்டிலேயே இருக்கிறது. பத்து நிமிட வேலை.

இரண்டாவது படி, நிறுத்துவது. சர்வீசஸ் என்று தேடித் திறந்து, மைஎஸ்க்யூஎல்80 என்ற பெயரைக் கண்டுபிடித்து ஸ்டாப் கொடுங்கள். மற்ற சாஃப்ட்வேர் என்றால் டாஸ்க் மேனேஜரிலும் ஒரு பார்வை பாருங்கள்.

மூன்றாவது படி, அதன் சொந்த அன்இன்ஸ்டாலர். மைஎஸ்க்யூஎல் இன்ஸ்டாலர் வழியாகப் போட்டிருந்தால் அதையே திறந்து ரிமூவ் கொடுங்கள். டேட்டா டைரக்டரியையும் நீக்கட்டுமா என்று கேட்கும். பேக்கப் கையில் இருந்தால் மட்டும் சரி சொல்லுங்கள்.

நான்காவது படி, ரீஸ்டார்ட். சும்மா சொல்வதில்லை இது. அந்த நேரத்தில் நீக்க முடியாத ஃபைல்களை "அடுத்த தடவை ஆன் ஆகும்போது நீக்கு" என்று அன்இன்ஸ்டாலர் குறித்து வைத்திருக்கலாம்.

ஐந்தாவது படி, மிச்சம் மீதி. டேட்டா ஃபோல்டர் இன்னும் இருந்தால் இப்போது நீக்கலாம். சர்வீஸ் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால், கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, எஸ்சி என்ற இரண்டு எழுத்து, இடைவெளி, டெலீட், இடைவெளி, சர்வீஸ் பெயர் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் இதை அடிக்காதீங்க. அங்கே எஸ்சி என்பது ஃபைலில் எழுதும் வேறொரு கட்டளையின் சுருக்கம். சர்வீஸ் போகாது, டெலீட் என்ற பெயரில் ஒரு புது ஃபைல்தான் முளைக்கும்!

அப்படியும் போகவில்லையா?

அன்இன்ஸ்டாலே எரர் கொடுத்தால், மைக்ரோசாஃப்ட் இதற்கென்றே ஒரு இலவச டிரபிள்ஷூட்டர் வைத்திருக்கிறது. இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் இரண்டிலும் மாட்டிக்கொண்ட ரெஜிஸ்ட்ரி பதிவுகளை அது சரிசெய்யும்.

ஆன்டிவைரஸ் என்றால் கதையே வேறு. வைரஸ் தன்னை நீக்கிவிடக்கூடாது என்பதற்காகவே அது தன்னைப் பூட்டி வைத்திருக்கும். பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் பலவும் தனி ரிமூவல் டூல் தருகின்றன. அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

"சேஃப் மோடில் போய் நீக்கு" என்ற அறிவுரை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேஃப் மோடில் வழக்கமாக ஓடாது. அதை நம்பியிருக்கும் சாஃப்ட்வேரை அங்கே அன்இன்ஸ்டால் செய்ய முடியாது.

இதெல்லாம் வேண்டவே வேண்டாம்

சி டிரைவில் இடம் போதவில்லை என்று விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்யாதீர்கள். அன்இன்ஸ்டால் செய்யவும் அப்டேட் செய்யவும் தேவையான ஃபைல்கள் அங்கேதான் இருக்கின்றன. இன்றைக்குச் சில ஜிபி மிச்சமாகும், நாளைக்குப் பல சாஃப்ட்வேர் நீக்கவே முடியாமல் போகும்.

"ஒரே க்ளிக்கில் ரெஜிஸ்ட்ரி சுத்தம்" என்று வரும் டூல்களும் வேண்டாம். மிச்சமிருக்கும் சில ரெஜிஸ்ட்ரி வரிகளால் லேப்டாப் மெதுவாகாது. தப்பான ஒரு வரியை அழித்தால் விண்டோஸே கிளம்பாமல் போகலாம். கை வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை

மைக்ரோசாஃப்ட் தளத்தில் ஆட்டோரன்ஸ் என்ற இலவச டூல் கிடைக்கும். சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஒன்று. இன்றைக்கு அதை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் ஆன் ஆகும்போது தானாகக் கிளம்பும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். எதையும் நீக்க வேண்டாம், படித்தாலே போதும். எப்போதோ நீக்கிவிட்டோம் என்று நினைத்த பெயர் ஒன்றாவது அதில் இருக்கிறதா, பாருங்க!