முதுமையும் இராக்கால நீரிறக்கமும்

முதியோர் இரவில் இருமுறை மும்முறை எழுந்து சிறுநீர் கழிக்கச் செல்வது வீடுதோறும் காணப்படுவதொன்று. ‘வயதானால் அப்படித்தான்’ என்று அதனை விட்டுவிடுதலே வழக்கமாயிருக்கின்றது. எம் பாட்டனார் செய்தியும் அவ்வாறே கழிந்தது. ஓரிரவு அவர் விளக்கேற்றாமல் எழுந்து, வாயிற்படி இடறி வீழ்ந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்த பின்னரே, நான்கு முறை எழும் வழக்கம் ஈராண்டாக அவருக்கிருந்ததென்பதை அறிந்தோம். நாணத்தால் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பியினின்று வாஸோபிரஸின் என்பதொன்று இரத்தத்திற் கலக்கின்றது. சிறுநீரகங்கள் உடலின் நீரை மிகுதியாக வெளிவிடாதபடி காப்பது அதன் தொழில். இளமையில் அஃது இரவிலே மிகுந்து சுரத்தலால் விடியுமளவும் இடையறாது உறங்குகிறோம். முதுமையிலோ அவ்விராப்பெருக்கம் பலர்க்குக் குறைந்துவிடுகின்றது. முதியவரொருவர் ஒரு நாளிற் கழிக்கும் சிறுநீரில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் இரவிலேயே இறங்குமாயின், அதனை வரம்பு கடந்ததென்று மருத்துவர் கொள்வர். இளைஞர்க்கு ஐந்திலொரு பங்கே வரம்பு.

இனிக் கால்களைக் கவனிப்போம். பகலெல்லாம் நின்றும் அமர்ந்தும் கழிப்போர் சிலருக்குக் கால்களில் நீர் தங்கும். படுத்தவுடன் அந்நீர் இரத்தத்திற்குத் திரும்பிச் சிறுநீரகங்களை அடையும். பாட்டனார் நண்பகலுக்குப் பின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார், பயனில்லை. மாலைதோறும் அவர் கணுக்காலில் விரலழுத்தினாற் குழி விழும். நாங்கள் கண்டும் அதன் பொருளை உணர்ந்தோமில்லை.

ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பருத்தலும் ஒரு காரணமென்பது பலரறிந்ததே. நீரிழிவும், மாலையில் உட்கொள்ளும் நீரிறக்கு மாத்திரைகளும் அத்தகையனவே. பலர் எண்ணாத காரணமொன்றுண்டு: உறக்கத்திற் குறட்டையுடன் மூச்சுத் தடைப்படும் நோய். எழுப்பியது மூச்சுத் தடையாயிருக்க, சிறுநீரே எழுப்பியதென்று அந்நோயாளர் கருதுவதுமுண்டு.

ஆதலின் மருந்தைத் தேடுமுன் கணக்கெழுதுதல் வேண்டும். மூன்று நாளைக்கு, கழித்த நேரத்தையும் அளவையும் இரவும் பகலும் குறித்து வைக்கலாம். ஒவ்வொரு முறையும் சிறிதே வருமாயின் குறை பெரும்பாலும் நீர்ப்பையிலோ அதன் வழியிலோ இருக்கும். மிகுதியாக வருமாயின் நீர் எங்கிருந்து வருகிறதென ஆராய்தல் வேண்டும். பிற்பகலிற் கால்களை உயர்த்திப் படுத்தல் வீக்கமுடையோர்க்கு உதவும். வாஸோபிரஸினை ஒத்த மருந்தொன்று உண்டெனினும், முதியோர்க்கு அஃது இரத்தத்தின் சோடியத்தை அபாயமான அளவிற்குக் குறைத்துவிடக்கூடும். அதனைத் தாமே வாங்கியுண்ணல் ஆகாது. நீரிறக்கு மாத்திரையின் வேளையை மாற்றுவதும் மருத்துவரைக் கேட்டே செய்யத்தக்கது. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு எரிவதற்கோ எவர் அனுமதியும் வேண்டுவதில்லை.

பாட்டனார் மீண்டும் நடக்கத் தொடங்கியபின் இக்கணக்கை எழுதினோம். இரவில் ஒரு முறையேனும் 300 மில்லிலிட்டருக்குக் குறையவில்லை. அவ்வேட்டைப் பார்த்த மருத்துவர் முதலிற் சோதித்தது அவர் இருதயத்தை.