ஏசிக்கு கேஸ் நிரப்பும் முன் லேபிளைப் பாருங்கள்

ஏசி குளிரவில்லை என்றால் ‘கேஸ் தீர்ந்துவிட்டது’ என்பார்கள். ஆனால் பெட்ரோலைப் போல ஏசி கேஸ் செலவாகித் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் நிரப்பினால், கொடுத்த பணமும் கேஸோடு போய்விடும்.

என்ன கேஸ் என்பது அவுட்டோர் யூனிட்டின் லேபிளில் இருக்கும். பழைய ஏசிகளில் ஆர்-22, பின்னர் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது பெரும்பாலும் ஆர்-32. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நிரப்பவோ, இரண்டைக் கலக்கவோ கூடாது. காரணங்கள்:

1. அழுத்தம்: ஆர்-22ஐ விட மற்ற இரண்டின் அழுத்தம் சுமார் 60 சதவீதம் அதிகம். பழைய யூனிட் தாங்காமல் வெடிக்கலாம்.

2. எண்ணெய்: ஆர்-22 கம்ப்ரசரில் உள்ள மினரல் ஆயில் மற்ற இரண்டோடும் கலக்காது. கம்ப்ரசர் தேய்ந்து பழுதாகும்.

3. தீ: ஆர்-22 எளிதில் தீப்பற்றாது, ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில ஏசிகளில் உள்ள ஆர்-290, புரொப்பேன். சமையல் கேஸ் போலவே பற்றும்.

அவுட்டோர் யூனிட்டை மட்டும் மாற்றும்போதும் உள்ளே இருக்கும் யூனிட் அதே கேஸுக்கு உரியதா என்று பாருங்கள்.

மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கசிவை அடைத்தாயிற்றா? வேக்குவம் போட்டாயிற்றா? லேபிளில் உள்ள அளவுக்கு எடை போட்டு நிரப்புகிறீர்களா?